ஒரு நாள் மாப்பிள்ளை

குடும்ப நீதிமன்றத்தில் எங்களை மாதிரி மட்டமாகச் சண்டை போட்ட ஜோடி இருந்திருக்க முடியாது. எங்களுக்குச் சண்டை வரவே இல்லை, அதுதான் தொல்லை. வராண்டாவில் மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்சமிருந்த அவித்த முட்டை யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தோம். எங்கள் வக்கீல் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்கா? டைவர்ஸுக்கு வந்திருக்கீங்க. தள்ளி உட்காருங்க!"

நான் தள்ளி உட்கார்ந்தேன். முட்டையை மாஸ்டர் பக்கம் நகர்த்தினேன். வக்கீல் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மாஸ்டர் என் புருஷனாக இருந்தவள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அந்தக் காலத்தில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோதுதான் பழக்கம். அப்போது அவர். மெல்லிய மீசை, வெளிர் நீலச் சட்டை, என்ன தப்புச் செய்தாலும் கோபமே வராத குரல். என் அக்கா இன்றைக்கும் கிண்டல் செய்வாள், லைசென்ஸ் வாங்கப் போனவள் மாஸ்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று. உண்மைதான், லைசென்ஸ் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நான் பல் செட் செய்கிறவள். மெழுகிலும் பிளாஸ்டரிலும் அச்செடுத்து, முகம் தெரியாதவர்களின் ஈறுக்கு ஏற்றபடி பல் கட்டிக் கொடுக்கிறேன். அதனால் மாஸ்டருக்கு நான் 'பல்லு'.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்று, விவரம் தெரிந்த நாளிலிருந்து தான் பெண்தான் என்றும், இனிமேல் அப்படியே வெளியிலும் இருக்கப் போவதாகவும் சொன்னாள். நான் "சரி" என்றேன். மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன். அதற்குப் பிறகு 'நீங்க' போய் 'நீ' வந்தது. இரண்டு பொம்பளைகளுக்குள் என்ன பெரிய மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

வண்டி ஒருமாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்குப் பெண்கள் முன்பைவிட அதிகமாக வந்தார்கள். அப்புறம் கற்றுக்கொடுப்பதற்கான லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அடையாள அட்டையில் இருப்பது ஆண், எதிரே நிற்பது பெண், இதைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிபண்ண வேண்டுமானால் பாலினச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு டாக்டர்கள் குழு முன்னால் நிற்க வேண்டும், அதையும் நின்றாயிற்று. கடைசியில் ஒரு நிபந்தனை. விண்ணப்பிப்பவர் கல்யாணமானவராக இருக்கக் கூடாது. ஏனென்றால் சான்றிதழைக் கொடுத்த அடுத்த நிமிஷம் இரண்டு பெண்கள் தம்பதியாக நிற்பார்கள், அதற்கு எங்கள் சட்டத்தில் இடம் கிடையாது. ஆக, மாஸ்டருக்குப் பெண் என்ற பெயரும் பிழைப்பும் வேண்டுமென்றால் எங்கள் கல்யாணம் சாக வேண்டும்.

"இந்த நிபந்தனையை எடுக்கத் திருத்தம் வருதுன்னு சொல்றாங்களே?" என்று வக்கீல் அம்மாவைக் கேட்டேன்.

"சட்டத்தைத் திருத்தற குழுவில இருக்கும்மா. குழுவில இருந்து அது வெளியே வரணும்னா அதுக்குத் தனியா ஒரு குழு போடணும்."

அப்படித்தான் வராண்டாவுக்கு வந்து சேர்ந்தோம். சான்றிதழுக்காகத்தான் பிரிகிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் நாடகம் என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். மாஸ்டரைப் பார்த்தாலே எல்லாருக்கும் விஷயம் புரியும். ஆனாலும் யாரும் சொல்லக் கூடாது. நாங்கள் பிரிந்து வாழ்வதாகக் காட்ட, மாஸ்டரின் துணிப்பை ஒன்றை டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில் கொண்டுபோய் வைத்திருந்தோம். பை அங்கே வாழ்ந்தது. மாஸ்டர் வீட்டில்தான் வாழ்ந்தாள்.

முதலில் கவுன்சிலிங். கவுன்சிலர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பிரிய வந்தவர்களைச் சேர்த்து அனுப்புவதில் கைராசிக்காரர் என்று பேர். மேஜைமேல் டிஷ்யூ பெட்டி, ஒரு பூச்செடி, இரண்டு நாற்காலிகள் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில்.

"சொல்லுங்க. இவங்ககிட்ட உங்களுக்கு என்ன பிடிக்கலை?"

நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். குறட்டை. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது. ரிமோட்டைக் கொடுக்காதது. கவுன்சிலர் அம்மாவின் வாய் ஓரம் துடித்தது.

"நீங்க ரெண்டு பேரும் வெளியில முட்டைக்கு அடிச்சுக்கிட்டதை நான் பார்த்தேன். உங்களைப் பிரிச்சா எனக்குப் பாவம் சேரும். உண்மையா ஏதாவது இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்புங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தாள். 'இன்னும் ஏதாவது சொல்லேன்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"என்கிட்ட கேட்டியா நீ?" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்குக் கிச்சன்ல வந்து நின்னு சொன்னே. கேட்டியா? எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னே. நானும் சரின்னேன். ஏன்னு தெரியுமா? வேற என்ன சொல்றதுன்னு தெரியலை, அதான்."

"பல்லு..."

"பல்லுமில்லை, சொல்லுமில்லை. என் புருஷன் போயிட்டார். துக்கம் விசாரிக்க ஒரு ஆள் வந்துச்சா? வந்தவங்க எல்லாம் உன் தைரியத்தைப் பாராட்டிட்டுப் போனாங்க. நான் அவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அழறதுக்குக்கூட எனக்கு இடமில்லை. அழுதா நான் கெட்டவளாயிடுவேன்!"

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அது அவளுடைய பழக்கம். கற்றுக்கொடுக்கும் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எதன்மேலாவது மோதப் போனால் இவள் மிதித்து நிறுத்த வேண்டும். வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால் தானாக அழுந்தும். வீட்டில் சினிமா பார்க்கும்போதுகூட அழுத்துவாள், நான் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே," என்றாள் மாஸ்டர். "நீ வேண்டாம்னு சொன்னா என்னால முடிஞ்சிருக்காது. செத்தே போயிருப்பேன். அதான் பயந்துபோய்க் கேட்கலை."

டிஷ்யூவை எடுத்து மூக்கைச் சிந்தினேன். கவுன்சிலர் அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எங்களைப் பார்த்தார். அப்புறம் 'சேர்ந்து வாழ வாய்ப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதைக் கேட்டு வந்தோமோ அதையே கொடுத்துவிட்டார்.

மற்றதெல்லாம் சடசடவென்று நடந்தது. சேர்ந்து வாழ முடியுமா என்று ஜட்ஜ் கேட்டார், முடியாது என்று சத்தியம் செய்து நான் பொய் சொன்னேன், மாஸ்டரும் சொன்னாள். தீர்ப்பு வந்தது. சான்றிதழ் வந்தது, அட்டை மாறியது, லைசென்ஸ் வந்தது. புது அட்டையைக் கையில் வாங்கிய அன்று மாஸ்டர் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள், நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் சந்தோஷத்தில் பொய் இல்லை. துக்கத்திலும் இல்லை. வாடகைப் பத்திரத்தில் இனிமேல் எங்களை என்ன உறவு என்று எழுதுவது என்று வீட்டுக்காரர் கேட்டார். மாஸ்டர் "தோழிகள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அந்தத் திருத்தம் குழுவிலிருந்து வெளியே வந்தது.

டிவியில் தினமும் அதே பேச்சு. டாக்டர்கள் குழு இனி வேண்டாம், சொந்த உறுதிமொழியே போதும். கல்யாணமானவர்களும் விண்ணப்பிக்கலாம், கல்யாணம் அப்படியே செல்லும். ஒரு பக்கம் ஆதரவு, ஒரு பக்கம் எதிர்ப்பு. பெண்கள் விடுதியில் என்ன செய்வது, சிறையில் யாரை எங்கே வைப்பது, விளையாட்டுப் போட்டியில் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பல் செட்டை வாயில் வைத்த முதல் வாரம் எங்கேயாவது குத்தத்தான் செய்யும். எங்கே குத்துகிறது என்று போட்டுக்கொள்கிறவர் சொன்னால் அந்த இடத்தை ராவிக் கொடுப்போம். சட்டத்துக்கும் யாராவது அப்படி உட்கார்ந்து ராவத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெரிய மனுஷர் மேஜையைத் தட்டிச் சொன்னது எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இன்னைக்கு ஒரு உறுதிமொழி குடுப்பான், காரியம் முடிஞ்சதும் நாளைக்கு இன்னொண்ணு குடுத்துத் திரும்பிடுவான். வேணும்னா மாறலாம், வேணும்னா திரும்பலாம்னு ஆயிடும்!"

மாஸ்டர் டிவியை அணைத்தாள். "ஒரு நாளைக்கு மாறிப் பார்க்கிற விஷயமா இது? மாறினவளைக் கேட்டுப் பாருய்யா," என்றாள் இருட்டுத் திரையைப் பார்த்து.

சட்டம் நிறைவேறிய வாரமே நாங்கள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். எனக்குள் ஒரே குதூகலம். போன கல்யாணம் திரும்பி வரப் போகிறது! கவுன்டரில் இருந்த பெண் சின்னவள், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அம்மா, இந்தச் சட்டம் இருக்கிற கல்யாணத்தைக் காப்பாத்தும். போன கல்யாணத்தைத் திருப்பித் தராது. உங்களுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சே."

"அது பழைய சட்டம் சொன்னதால பண்ணினதும்மா. நாங்களா ஆசைப்பட்டுப் பண்ணினோம்?"

"புரியுதும்மா. ஆனா உங்களை மாதிரி முன்னாடியே பிரிஞ்சவங்களைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லை."

"அப்ப புதுசாப் பண்ணிக்கிறோம்."

"ரெண்டு பெண்களுக்குப் பண்ண முடியாதே."

சட்டத்தை மதித்துப் பிரிந்தவர்கள் நடுத்தெருவில், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள் கல்யாணத்தோடு வீட்டில். என்ன நியாயம் இது? நான் குரலை உயர்த்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கள்மேல் நிஜமாகவே இரக்கம். உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"வழி இருக்கும்மா! இப்பதான் உறுதிமொழி போதுமே. இவங்க நாளைக்கு ஆணுன்னு ஒரு உறுதிமொழி குடுக்கட்டும். அன்னைக்கே மாப்பிள்ளையா வந்து உங்களைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கட்டும். அப்புறமா மறுபடி பெண்ணுன்னு மாத்திக்கட்டும். கல்யாணம் செல்லும். சார்கிட்ட கேட்டுட்டேன், தடை எதுவும் இல்லை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊரையெல்லாம் ஏமாற்ற யாரோ செய்வார்கள் என்று அந்தப் பெரிய மனுஷர் மேஜையைத் தட்டினாரே, அதைச் செய்யச் சொல்லி அரசாங்கமே எங்களைக் கேட்கிறது. அதுவும் கட்டின பெண்டாட்டியைத் திரும்பக் கட்டிக்கொள்வதற்காக.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஒரு நாள்தானே," என்றாள்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் என்ன யோசிக்கிறே என்று இரண்டு தடவை கேட்டாள். தலைவலி என்றேன். தலைவலி இல்லை, ஆசை. அவர் ஒரு நாள் வருவார். அந்தக் குரலில் என் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நிற்பார், வெயிலில் காயப் போட்ட சட்டை வாசனையோடு. செத்தவர்களை ஒரே ஒரு தடவை பார்க்க விடுகிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எனக்கு அவர் வேண்டும் போல இருந்தது. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அப்படி ஏங்கினேன். வெட்கமாகவும் இருந்தது, ஏக்கமும் நிற்கவில்லை.

மறுநாள் காலை நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தாள், அந்த வெளிர் நீலச் சட்டையில்.

அது பீரோவில் என் துணிகளுக்கு அடியில் இருந்தது. மாஸ்டரின் பழைய உடுப்புகளை எல்லாம் தானம் கொடுத்தபோது அதை மட்டும் நான் ஒளித்து வைத்தேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். முடியை இழுத்துப் பின்னால் கட்டியிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தாள். பழைய குரலில் பேசப் பார்த்தாள், அது பாதி வழியில் உடைந்தது. "அன்னைக்கு இதே இடத்துல நின்னு உன்னைக் கேட்காம சொன்னேன். இன்னைக்குக் கேட்கிறேன். உனக்காக ஒரு நாள் நான் அவரா இருக்கட்டுமா? நீ என்ன சொல்றியோ அதான். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, பல்லு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் என் உயிரே எழுந்து ஓடியது. அந்த நீலம், அந்தத் தோள்பட்டை, காலரில் நான் ஒரு காலத்தில் தைத்துக் கொடுத்த பட்டன்கூட அப்படியே இருந்தது. இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். மாஸ்டரின் வலது கால், வெறும் கால், சமையலறைத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு. முகம் சிரித்துக்கொண்டிருக்க, கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

"கழட்டு," என்றேன்.

"பல்லு, ஒரு நாள்தானே..."

"கழட்டுன்னு சொன்னேன். அவர் வந்திருந்தா நான் இந்நேரம் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டிருப்பேன். இது அவர் இல்லை. அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு நீ நடுங்கிக்கிட்டு நிக்கிறே. உன்னை நடுங்க வெச்சு எனக்கு என்னடி கல்யாணம்?"

மாஸ்டர் பட்டனைக் கழற்றப் பார்த்தாள், விரல் ஒத்துழைக்கவில்லை. நானே போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் அன்றைக்கு முதல்முறையாக அவருக்காகச் சத்தம் போட்டு அழுதேன், அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. துக்கம் விசாரிக்க வீட்டிலேயே ஒரு ஆள் இருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு மாஸ்டர் சட்டையைச் சுருட்டினாள். "இதை என்ன பண்றது? தூக்கிப் போட்டுடவா?"

"கொடு இங்கே. அது என்னோடது."

வாங்கி உதறி, கை இரண்டையும் உள்ளே மடித்து, பீரோவில் என் துணிகளுக்கு மேலாகவே வைத்தேன். ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"அப்போ கல்யாணம்?" என்றாள் பின்னாலிருந்து.

"அந்தக் கவுன்டர் பொண்ணு என்ன சொல்லிச்சு? நம்மளைப் பத்தி ஒரு வரிகூட இல்லைன்னுதானே? திங்கட்கிழமை அந்தக் குழு ஆளுங்களைப் போய்ப் பார்ப்போம். அந்த ஒரு வரியைச் சேருங்கய்யான்னு கேட்போம்."

"சேர்க்கலைன்னா?"

"அடுத்த திங்கட்கிழமையும் போவோம். டிபனைக் கட்டிக்கிட்டு அவங்க வராண்டாவுலயே உட்காருவோம்."

மாஸ்டர் தன் பூப்போட்ட மேல்சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த முடியை அவிழ்த்துவிட்டாள். நான் அவள் காலைப் பார்த்தேன். அது தரையில் சும்மா இருந்தது.

"முட்டை எத்தனை அவிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"நாலு," என்றேன். "ஆளுக்கு ரெண்டு. அப்புறம் அங்க வந்து என்கிட்ட சண்டைக்கு நிக்காதே."